லேஸ் கட்டத் தெரியாத மகள்

என் மகளுக்குச் சப்பாத்து லேஸ் கட்டத் தெரியாது என்று முழுதாக மூன்று நாள் நம்பியிருந்தேன். இருபத்தொன்பது வயது. கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிறந்து இரண்டு நாளான குழந்தையின் கையில் நரம்பைத் தேடிப் பிடித்து ஊசி ஏற்றுகிறவள். அப்படிப்பட்டவளுக்கு இரண்டு கயிற்றை ஒழுங்காக முடிச்சுப் போடத் தெரியவில்லையே என்று வருத்தப்பட்டேன். வருத்தப்பட்டதோடு விட்டேனா, எப்படிக் கட்டுவது என்று குனிந்து காட்டியும் கொடுத்தேன். குனிந்தவன் நிமிர்வதற்கு அவளுடைய கையைப் பிடிக்க வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

நான் முப்பத்தொரு வருடம் தோட்டத்தில் கண்டாக்கு வேலை பார்த்தவன். தோட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்வதென்றால், துரை பங்களாவில் இருப்பார், கொழுந்து எடுக்கிறவர்கள் மலையில் இருப்பார்கள், இரண்டுக்கும் நடுவில் கையில் கம்போடு மோட்டார் சைக்கிளில் ஒருவன் சுற்றிக்கொண்டிருப்பான். அவன்தான் கண்டாக்கு. ஓய்வு பெற்று ஹட்டனில் சின்னதாக ஒரு வீடு கட்டிக் குடியேறிய பிறகும், கல்யாண வீடுகளில் யாராவது உடம்பு எப்படி என்று கேட்டால், "மலை ஏறி எறங்குன ஒடம்புங்க இது" என்று நெஞ்சில் தட்டிச் சொல்வேன். ஏறி இறங்கியது மோட்டார் சைக்கிள். நான் அதன் மேல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த நெஞ்சுதான் ஒரு வருடம் கழித்து மக்கர் செய்து, என்னை ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, மாத்திரை போடுங்கள், நன்றாக நடங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். மாத்திரை போட்டேன். நடப்பதைப் பற்றி நிறையப் பேசினேன்.

அடுத்த வருடம் மகள் மூன்று வார லீவில் வீட்டுக்கு வந்தாள். நியூசிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரி வேலைக்கு அவள் விண்ணப்பித்திருந்தது எங்களுக்குத் தெரியும். இரண்டு வருடமாக அதற்காகப் படித்து, பரீட்சை எழுதி, இன்டர்வியூ வரைக்கும் போயிருந்தாள். வந்த அன்று சோறு பிசைந்துகொண்டே, "அந்த வேலை கெடைக்கல. நான்தான் இன்டர்வியூல சரியா பேசல" என்றாள். அவ்வளவுதான். பருப்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள்.

என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. நான், "பரவால்ல பாப்பா, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று கம்பீரமாகச் சொன்னேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. ஒரே பிள்ளை. அவள் விமானம் ஏறுவதை நினைத்து நினைத்து ஆறு மாதமாகச் சரியாகத் தூங்காதவன் நான். அன்றைக்கு இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அவள் கேட்டாள், "அப்பா, நாலு நாள் பேக்கை முதுகுல மாட்டிக்கிட்டு நடந்து போவோமா? தோட்டம் தோட்டமா, பட்டிப்பொல ஸ்டேஷன் வரைக்கும்?"

"அவரையா கூப்பிடுற?" என்றாள் மனைவி. "போன வருஷந்தான் நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு விழுந்தாரு."

"டாக்டர்கிட்ட கேட்டுட்டேம்மா. மெதுவா நடந்தா நல்லதுங்கிறாரு."

மெதுவாக என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. மறுக்கத்தான் நினைத்தேன். அதற்குள் மனைவி என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய், "புள்ள மனசு ஒடிஞ்சி போய்க் கெடக்கு. போற வழியில நாலு நல்ல வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா" என்றாள். ஆறுதல் சொல்வதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. சரி என்றேன்.

நான் கட்டிய பேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீன் டின் ஆறு. நான்கு பற்றரி போடும் பழைய டோர்ச். உடுத்தச் சாரம் மூன்று. தைலப் போத்தல். கண்டாக்கு காலத்துப் பெரிய குடை. மனைவி சுட்டுத் தந்த தேங்காய் ரொட்டி ஒரு கட்டு, கட்டச் சம்பல் ஒரு போத்தல். மகள் அதைத் தூக்கிப் பார்த்தாள். "இவ்வளவும் வேணுமாப்பா?" என்று மட்டும் கேட்டாள். "காடு மலைக்குப் போறப்ப எதுவும் இல்லன்னு நிக்கக்கூடாது" என்றேன். நாங்கள் போன வழியில் மைலுக்கு ஒரு கடை இருந்தது.

முதல் நாள் ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்கு. தேயிலைக்கு நடுவே வண்டிப் பாதை, பெரிய மேடு ஒன்றும் கிடையாது. முதல் அரை மணிநேரம் நான் ஒவ்வொரு மலையையும் காட்டி, இது எந்த வருடம் நட்ட தேயிலை, இதில் எவ்வளவு கொழுந்து வரும் என்று விளக்கிக்கொண்டே போனேன். அதற்குப் பிறகு விளக்கம் குறைந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் "ம்" என்று சொல்வதற்கே மூச்சைச் சேர்த்து வைக்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் முதல் தடவையாக அவளுடைய லேஸ் அவிழ்ந்தது. எனக்கு நாற்பது அடி முன்னால் போய்க்கொண்டிருந்தவள் ஒரு மேட்டின் பாதியில் குனிந்தாள். "இருங்கப்பா, லேஸ் அவுந்திருச்சு." நான் போய்ச் சேர்ந்து, மூச்சு வாங்கி, வேர்வை துடைத்து, தண்ணீர் குடித்து முடிக்கும் வரைக்கும் கட்டிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து நடந்தாள். அடுத்த மேட்டின் பாதியில் மறுபடி அவிழ்ந்தது. அன்றைக்கு மட்டும் பதினாறு தடவை. கொழும்புச் சப்பாத்து எல்லாம் இப்படித்தான் என்று கண்டித்துச் சொன்னேன். "ஆமாப்பா, நான்தான் பாத்து வாங்கல" என்றாள்.

'நான்தான்' என்பது அவள் பிறந்ததிலிருந்தே சொல்லும் சொல் போலிருக்கிறது. எட்டு வயதில் ஹட்டனில் படித்தாள். அப்போது நாங்கள் இருந்த பக்கத்துத் தோட்டத்திலிருந்து நான்தான் மோட்டார் சைக்கிளில் போய்க் கூட்டிவர வேண்டும். ஒரு மழை நாளில் கிளப்பில் கரம்போர்ட் ஆட உட்கார்ந்தவன் பிள்ளையை மறந்தே போனேன். ஐந்து மணிக்குப் பறந்தடித்துப் போனால், வாச்சரின் கூண்டுக்குள் ஈரச் சப்பாத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். அழவில்லை. வண்டியில் ஏறி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "அம்மாகிட்ட என்னப்பா சொல்லப் போறோம்?" சொல்லப் போறோமாம். வீட்டு வாசலில் நான் வாய் திறப்பதற்கு முன், "டான்ஸ் பிராக்டிஸ் இருக்குன்னு சொல்ல மறந்துட்டேம்மா, நான்தான் அப்பாவைக் காக்க வச்சிட்டேன்" என்றாள். மனைவி அவளைத் திட்டு திட்டென்று திட்டினாள். நான் பக்கத்தில் நின்று டீ குடித்தேன். தப்பித்தோம் என்றுதான் இருந்தது.

இரண்டாம் நாள் தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயாப் பக்கம். அங்கேதான் நான் முதன்முதலில் வேலை பார்த்த தோட்டம். காலையில் பேக்கை மாட்டினேன், முதல் நாள் போலக் கனக்கவில்லை. எனக்கே ஆச்சரியம். "பாத்தியா பாப்பா, ஒடம்பு பழகிருச்சு. பழகப் பழக பாரம் கொறையும்" என்றேன். "அப்படித்தாம்பா இருக்கும்" என்றாள். அவளுடைய பேக் கொஞ்சம் உப்பியிருந்தது போலத் தெரிந்தது. பெண் பிள்ளைகளுக்கு அடுக்கத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

பகல் பத்து மணிக்குத் தோட்ட எல்லைக்கு வந்தோம். ரோட்டு வழியே போனால் மலையைச் சுற்றி இரண்டரை மணிநேரம். பழைய ஏழாம் நம்பர் மலைக்குள் ஒரு குறுக்குப் பாதை உண்டு, அதில் போனால் முக்கால் மணி என்று நான் சொன்னேன். அவள் போனைப் பார்த்து, "மேப்ல அப்படி ஒண்ணு இல்லையேப்பா" என்றாள். "மேப் போட்டவன் இங்க கண்டாக்கா இருந்தானா?" என்று கேட்டேன். அவள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பாதை இருந்தது, என் தலைக்குள். தோட்டத்தில் அந்த மலையைக் கைவிட்டுப் பத்துப் பன்னிரண்டு வருடமாகியிருந்தது. ஆளுயர மானாப்புல், அதற்குள்ளே தேயிலை மரமாக வளர்ந்து நின்றது. இறங்கும்போது வழுக்கிக்கொண்டே போய்விட்டோம். அடியில் போய் நின்றபோதுதான் தெரிந்தது, அந்தப் பக்கம் ஆறு மண்ணை அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. பாதை அங்கேயே முடிந்துவிட்டது. வந்த வழியே செங்குத்தாக ஏறித்தான் ரோட்டுக்குப் போக வேண்டும்.

ஏறினேன் என்று சொல்ல முடியாது. புல்லைப் பிடித்துத் தொங்கினேன், பிறகு கொஞ்சம் மேலே தொங்கினேன். அவளுக்கு லேஸ் ஐந்து அடிக்கு ஒரு தடவை அவிழ்ந்தது. கடைசிப் பத்து அடியை நான்கு காலில் ஏறி ரோட்டில் தலையை நீட்டினால், பகல் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருக்கிறார்கள்.

அதில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா என்னையே உற்றுப் பார்த்தார். "கண்டாக்கையாவுங்களா?"

"ஆமாம்மா."

"மோட்டார் சைக்கிள் எங்கங்க?"

"நடந்துதான் வந்தேன்."

"நடந்தா?" அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "அடியே, கண்டாக்கையா ஏழாம் நம்பர் மேட்டை நடந்து ஏறியிருக்காரு." எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி போத்தலில் இருந்த டீயை மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். நான் ரோட்டில் காலை நீட்டி உட்கார்ந்து குடித்தேன்.

அந்த அம்மா மெதுவாகக் கேட்டார். "நெனப்பு இருக்குங்களா ஐயா? கொழுந்து நிறுக்கிற மடுவம் மொத கீழ ஆத்தோரமாத்தான் இருந்துச்சு. நீங்க வந்துதான் மேல ரோட்டுக்கு மாத்துனீங்க. கூடை நெறைய கொழுந்தைத் தலையில போட்டுக்கிட்டு, ஒரு நாளைக்கு மூணு தடவ, இந்த மேட்டுலதான் நாங்க ஏறுனோம்."

"லொறி வரணுமில்லம்மா."

"லொறி கீழயும் வந்துச்சுங்களே. மோட்டார் சைக்கிள்தான் வராது."

கோபமாகச் சொல்லவில்லை. ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுக்கொண்டே சொன்னார். அவர் சொன்னது சரி. கீழே போகும் பாதையில் கல் அதிகம், வண்டியின் சைலன்சர் இடிக்கும். அதற்காக நாற்பது பெண்களை ஒன்பது வருடம் அந்த மேட்டில் ஏற்றினேன். தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் நான். என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான். எனக்குத் தலை நிமிரவில்லை.

உடனே என் மகள் இடையில் புகுந்தாள். "நான்தாங்க இந்தப் பக்கமா போவோம்னு சொன்னேன். அப்பா வேணாம்னுதான் சொன்னாங்க." பேச்சைப் பாதைப் பக்கம் திருப்பி என்னைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தாள்.

அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ சொல்லியிருக்க மாட்ட, புள்ள. இங்க ஒரு பாதை இருந்துச்சுன்னே ஒனக்குத் தெரிய நியாயமில்ல" என்றார். பிறகு இன்னொரு மூடி டீயை அவளுக்கும் ஊற்றினார்.

அந்த இடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. தோட்டத்துக் கோயில் மைதானத்தில் அவள் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தபோது, அதை எப்படி அடிக்க வேண்டும் என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள்தான் மோசம். பூண்டுலோயாவிலிருந்து நானுஓயாவுக்கு முழுக்க ஏற்றம். பகலுக்குப் பிறகு மழையும் பிடித்துக்கொண்டது. அட்டை ஒவ்வொரு புல்லிலும் எழுந்து நின்று எங்களை வரவேற்றது. ஆறுதல் சொல்ல வேண்டிய கடமை வேறு பாக்கி இருந்தது. காலில் ரத்தம் வழிய, தோல்வி என்பது மனிதனுக்குச் சகஜம், ஓர் இன்டர்வியூவில் சரியாகப் பேசாததால் வாழ்க்கை முடிந்துவிடாது, அடுத்த முறை நேராகக் கண்ணைப் பார்த்துப் பேசு என்றெல்லாம் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். வாக்கியத்துக்கு நடுவே எனக்கு மூச்சு நின்றுபோகும். அவள் குனிந்து லேஸ் கட்டியபடி மிச்ச வாக்கியத்துக்காகக் காத்திருப்பாள். "சரிப்பா, ஞாபகம் வச்சிக்கிறேன்" என்பாள்.

முன்பும் ஒருமுறை அவளுக்கு நான் பேசச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பத்தாம் வகுப்பில் பேச்சுப் போட்டி. மூன்று பக்கம் நானே எழுதிக் கொடுத்தேன். ஆரம்பித்தாள், பிறகு நேராக முடிவுரைக்குப் போனாள், முடிவுரைக்குப் பிறகு காரணங்களை விளக்கினாள். மண்டபமே சிரித்தது. "நான்தாம்பா மாத்திப் படிச்சிட்டேன்" என்றாள். வருடக்கணக்கில் உறவினர்களிடம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். வீடு மாறும்போது அந்தத் தாள் கிடைத்தது. பக்க எண்ணை நான்தான் மாற்றிப் போட்டிருந்தேன். எழுதிக் கொடுத்ததை அவள் எழுத்துக்கு எழுத்து மனப்பாடம் செய்திருக்கிறாள்.

நானுஓயாவில் குடையையும் மீறி நனைந்த கோழிகளாக ஒரு கடைக்குள் ஒதுங்கினோம். கடைக்கார முஸ்லிம் நானாவின் மகளும் என் மகளும் நர்ஸிங் ஒன்றாகப் படித்தவர்கள். நானா எங்களைக் கண்டதும் முன்னால் வந்து, துவாய் கொடுத்து, டீ போடச் சொல்லி, அட்டைக் கடிக்கு உப்பும் கொடுத்தார். அவள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்ற ஆரம்பித்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கழற்ற முடியவில்லை. இரட்டை முடிச்சு, அதற்கு மேல் இன்னொரு முடிச்சு, மழையில் ஊறி இறுகிப் போயிருந்தது. நகத்தால் முடியாமல், முள்ளுக்கரண்டி வாங்கி நெம்பி நெம்பி ஒரு காலை அவிழ்க்க ஐந்து நிமிடம் ஆனது. மூன்று நாளாக அவிழ்ந்துகொண்டே இருந்த லேஸ் அது.

அவள் கால் கழுவப் பின்பக்கம் போனதும் நானா எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்னங்க ஐயா, ஓங்க புள்ள இன்னும் நியூசிலாந்துக்கு பதில் போடல்லியாமே? எங்க மக கேட்டுக்கிட்டே இருக்கா. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லதானே லெட்டர் வந்திச்சி. நாளையோட முடியிதாமே."

நான் தெரிந்தவன் போலத் தலையாட்டினேன். தெரியாத விஷயத்துக்குத் தெரிந்தவன் போலத் தலையாட்டுவது கண்டாக்கு வேலையில் நான் நன்றாகக் கற்றுக்கொண்ட ஒன்று.

"ஒருவேளை ஓங்கள நெனச்சி யோசிக்கிறாளோ தெரியல" என்றார் நானா. "ஓங்களுக்கு முடியாமப் போனப்ப, வாப்பாவப் பாத்துக்க வேற யாரு இருக்கான்னு எங்க மககிட்ட அழுதாளாம்."

டீ வந்தது. குடித்தேனா என்று நினைவில்லை. அவள் பேசத் தெரியாமல் தோற்கவில்லை. இந்த நடைப்பயணமும் சும்மா இல்லை. ஒவ்வொரு மேட்டிலும் குனிந்துகொண்டு, நர்ஸ் காதை வைத்து என் மூச்சைக் கேட்டிருக்கிறாள். இந்த மனிதனை விட்டுவிட்டுப் போகலாமா, கூடாதா என்று பரீட்சை வைத்திருக்கிறாள். அந்தப் பரீட்சையில் நான் எப்படி எழுதியிருக்கிறேன் என்பது எனக்கே தெரியும்.

அதைவிட வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நாளை ஒரு நாள் கழிந்துவிடும். அவள் ஹட்டனுக்கோ கண்டிக்கோ மாற்றல் வாங்கிக்கொண்டு பக்கத்திலேயே இருப்பாள். யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் குறையை ஏற்கெனவே அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள். மறுபடியும் பக்கத்தில் நின்று டீ குடிக்கும் வேலைதான் எனக்கு. அன்று அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

நான்காம் நாள் காலை நான் ஒரு பாதி முடிவோடு எழுந்தேன். பேசமாட்டேன், ஆனால் நடந்து காட்டுவேன். நான் திடமாக இருக்கிறேன் என்று அவளே கண்டுகொண்டு, அவளே பதில் போட்டுவிட்டால், எனக்குச் சங்கடமில்லை. ரயில் பாதையை ஒட்டியே ஏற்றத்தில் நடை. அவளுக்கு முன்னால் விறுவிறுவென்று போனேன். ஒரு சினிமாப் பாட்டைக்கூட முணுமுணுத்தேன். பத்தரை மணிக்குக் கண் இருட்டி, ஒரு கல்லில் சரிந்து உட்கார்ந்தேன்.

அவள் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாசமாகப் பிடிக்கிறாள் என்று நெகிழ்ந்து திரும்பினேன். அவளுடைய பார்வை கைக்கடிகாரத்தில் இருந்தது. நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். "நான்தாம்பா வேகமா வரச் சொல்லிட்டேன் போல" என்றாள்.

அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் அவளுடைய பேக்கை வெயில் பக்கம் நகர்த்த நினைத்துத் தூக்கினேன். தூக்க முடியவில்லை. திறந்தேன். மீன் டின் ஆறு. நான்கு பற்றரி டோர்ச். தைலப் போத்தல். என்னுடைய சாரம் இரண்டு. என் பேக்கில் ரொட்டி வந்த வெறும் பையும் ஒரு சாரமும் குடையும்தான் இருந்தன. உடம்பு பழகிவிட்டது என்று அவளுக்கே விளக்கம் சொன்னவன் நான்.

அம்பேவெலையைத் தாண்டியபோது பகல் இரண்டு மணி. புல்வெளி, குளிர்காற்று, தூரத்தில் மாட்டுப் பண்ணை. பட்டிப்பொலைக்குக் கடைசி ஏற்றம் முன்னால் கிடந்தது. பாதி ஏறியதும் அவள் வழக்கம் போலக் குனிந்தாள்.

"இருங்கப்பா, லேஸ் அவுந்திருச்சு."

நான் போய்ச் சேர்ந்து அவளுக்கு முன்னால் நின்றேன். "அவுறல பாப்பா. மூணு முடிச்சு போட்டிருக்க. நேத்து பாத்தேன்."

அவள் கை லேஸில் அப்படியே நின்றது. நிமிரவில்லை.

"நானாவும் சொன்னாரு. லெட்டர் வந்திருக்காமே."

"அது வந்துப்பா, நான்தான் சரியா…"

"நான்தான்னு ஆரம்பிக்காத" என்றேன். "கெடைக்கலன்னு நீ சொன்ன அன்னைக்கு, நான் ரெண்டாவது தடவ சோறு போட்டுச் சாப்பிட்டேன். சந்தோஷத்துல. நேத்து விஷயம் தெரிஞ்சும் வாயத் தொறக்கல. இதெல்லாம் என்னோட தப்பு. இதையும் தூக்கி ஒன் பேக்குல போட்டுக்காத."

அவள் தரையைப் பார்த்தே கேட்டாள், "நான் அங்க இருக்கறப்ப ஒங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆகலாம். நீ இங்க ஒக்காந்து லேஸ் கட்டிக்கிட்டு இருந்தாலும் ஆகலாம்."

"மூச்சு வாங்குதுப்பா ஒங்களுக்கு."

"வாங்குது. நாலு நாளா வாங்குது." அறுபத்திரண்டு வயதில் முதல் தடவையாக அதை ஒருவரிடம் ஒத்துக்கொண்டேன். "நின்னு நின்னு வந்துருவேன். அம்மா இருக்கா, டாக்டர் இருக்காரு. நீ எந்திரி. முன்னுக்குப் போ. எனக்காக நிக்காம, ஒன்னோட நடைல போ. ஸ்டேஷன்ல வந்து சேர்றேன்."

அவள் எழுந்து, கண்ணைத் துடைக்காமலேயே, என் பேக்கிலிருந்து குடையை உருவி ஊன்றிக்கொள்ளக் கையில் கொடுத்தாள். மாத்திரை சட்டைப் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். நடந்தாள்.

அவளுடைய சொந்த நடையை அன்றுதான் பார்த்தேன். ஆறு மீன் டின்னையும் முதுகில் வைத்துக்கொண்டு என்ன வேகம். நான்கு நாளாக இந்தக் காலையா கட்டிப் போட்டிருந்தேன் என்று நினைத்தேன். முதல் வளைவில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நான் குடையைத் தூக்கி, போ போ என்று ஆட்டினேன். மலையில் பெண்களை விரட்டுவதற்கு ஆட்டிய அதே குடைதான். இரண்டாம் வளைவில் அவள் திரும்பவில்லை. பிறகு மூடுபனி இறங்கியது, ஆளைக் காணவில்லை.

எனக்கு முக்கால் மணிநேரம் ஆனது. பத்தடி வைப்பேன், நிற்பேன். நிற்பதற்கு யாருடைய லேஸும் அவிழ வேண்டியிருக்கவில்லை. எனக்கு முடியவில்லை, அதனால் நின்றேன். ஒரு மாட்டைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அழுகை வந்தது, அழுதுகொண்டே நடந்தேன். அழுது முடித்தபோது ஸ்டேஷன் பெயர்ப்பலகை தெரிந்தது.

அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு பிளேன்டீ, ஒன்று காலி. கையில் போன்.

"பதில் போட்டுட்டேம்பா" என்றாள்.

"நல்லது" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து என்னுடைய டீயை எடுத்தேன். பச்சைத் தண்ணீராக இருந்தது.

"ஆறிப்போச்சே" என்றேன்.

அவள் திறந்த வாயை ஒரு கணம் மூடினாள். என்ன சொல்ல வந்தாள் என்பது எனக்குத் தெரியும். வேறு கடையில் வாங்கியிருக்கலாம், பிந்தி வாங்கியிருக்கலாம், மூடி வைத்திருக்கலாம், நான்தான் செய்யவில்லை என்று. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"நீங்கதாம்பா லேட்டு."

அந்த டீயை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.